ஒரே நாளில் காமகுராவும் எனோஷிமாவும்: அம்மாவை அழைத்துக்கொண்டு போக முடியுமா?

தேனாம்பேட்டை_வித்யா

வணக்கம். மே மாசம் முதல் வாரம் அம்மாவோட டோக்கியோ வர்றேன். ஷின்ஜுகு பக்கம் தங்குறோம். ஒரு நாள் மட்டும் கடலோரமா எங்கயாவது போகணும். வீடியோ போடுறவங்க எல்லாரும் காமகுரா ஊர்ல காலைல பெரிய புத்தர், மதியம் மூங்கில் தோப்பு, சாயங்காலம் எனோஷிமா தீவுன்னு ஓடுறாங்க. அம்மாவுக்கு வயசு அறுபத்தஞ்சு. நல்லா நடப்பாங்க, ஆனா படி இறங்கினா முட்டி வலிக்கும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கோயிலும் வேணும், கடலும் வேணும்ங்கிறாங்க.

எதையெல்லாம் சேர்க்கலாம்னு கேக்கல. எதை விடலாம்னு சொல்லுங்க.

யோகோஹாமாக்காரன்

முதலில் தேதியை மாற்றுங்கள். ஏப்ரல் 29-லிருந்து மே 5 வரை இங்கே 'கோல்டன் வீக்'. ஊரே விடுமுறையில் இருக்கும், பாதிப் பேர் காமகுராவில் இருப்பார்கள். காமகுராவையும் எனோஷிமாவையும் இணைக்கிற எனோடென் குட்டி ரயிலுக்கு நிற்கிற வரிசை ஸ்டேஷனைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் வீடு போய்ச் சேர முடியாமல் தவித்ததால், அவர்களை வரிசையில் நிற்காமல் உள்ளே விட நகராட்சி ஒரு சான்றிதழே கொடுத்துப் பார்த்தது. இரண்டாவது வாரத்துக்குத் தள்ளுங்கள், அதிலும் சனி ஞாயிறு வேண்டாம்.

அடுத்தது திசை. எல்லோரும் காமகுரா ஸ்டேஷனில் இறங்குவார்கள். நீங்கள் அதற்கு முந்தின கிதா-காமகுராவில் இறங்குங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ஷோனான்-ஷின்ஜுகு லைனில், ஸுஷி என்கிற ஊருக்குப் போகிற வண்டி என்றால் மாறவே வேண்டாம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஸ்டேஷனை ஒட்டியே எங்காகுஜி கோயில். வாசலில் படி உண்டு, மெதுவாக ஏறலாம். 1274-லும் 1281-லும் மங்கோலியர் கடல் வழியாகப் படையெடுத்து வந்தார்கள். இரண்டு முறையும் தடுத்து நின்றது காமகுராவிலிருந்து ஆண்ட ஹோஜோ தோகிமுனே. 1282-ல் அவர் கட்டியதுதான் இந்தக் கோயில். தன் வீரர்களுக்காக மட்டுமல்ல, எதிரிப் படையில் செத்தவர்களுக்கும் சேர்த்து. முதல் குருவாக உட்காரவைத்ததும் சீனாவிலிருந்து வந்த ஒரு ஜென் துறவியை. காலை ஒன்பது மணிக்குப் போனால் தேவதாரு மரங்களுக்கு நடுவே ஆள் அரவமே இருக்காது.

அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் காமகுரா. ட்சுருகாஓகா ஹாச்சிமான் கோயிலுக்கு நேராக ஒரு பெருவீதி, நடுவில் உயர்த்திக் கட்டிய நடைபாதை. அது கோயிலை நெருங்க நெருங்கக் குறுகும். அதனால் வீதி நிஜத்தைவிட நீளமாகத் தெரியும். மேலே 61 படி. அம்மா கீழேயே நின்று கும்பிட்டுக்கொள்ளட்டும். மதியத்துக்கு மேல் எனோடெனில் ஹாசே போய்ப் பெரிய புத்தர், அப்புறம் நேரே எனோஷிமா. அவ்வளவுதான்.

மூங்கில் தோப்பு (ஹோகோகுஜி) வேண்டாம். அது எதிர்த் திசையில், பஸ்ஸில் போய்த் திரும்பணும். மூங்கில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காகக் கடலில் ஒரு மணி நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

தண்டவாளம்

யோகோஹாமா அண்ணன் திட்டம் சரி, ஆனா ஒரு கணக்கு விட்டுப்போச்சு. ஷின்ஜுகுல தங்குறவங்களுக்கு ஒதாக்யூ கம்பெனியோட எனோஷிமா-காமகுரா ஃப்ரீபாஸ் இருக்கு. ஷின்ஜுகு-ஃபுஜிசாவா போக வர, கூடவே எனோடென் நாள் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும். தனித்தனியா டிக்கெட் எடுக்கிறதைவிட நல்லாவே குறையும். ஆனா அதுல போனா முதல்ல ஃபுஜிசாவா, அப்புறம் எனோடெனைப் பிடிச்சு காமகுரா, சாயங்காலம் திரும்ப எனோஷிமான்னு வரும். கிதா-காமகுரா அந்தப் பாஸ்ல வராது. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை: அது எனோடென்ல செல்லாது.

எனோடென் பத்தி யாரும் சொல்லலையே! மொத்தமே 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன், ஒத்தைத் தண்டவாளம். 1902-ல ஒரு துண்டு ஓட ஆரம்பிச்சு 1910-ல காமகுரா வரைக்கும் போச்சு. எதிர்வண்டி வந்து விலகினாத்தான் நம்ம வண்டி கிளம்பும். வீட்டுக் கொல்லைப்புறத்தை உரசிக்கிட்டு, துணி காயப்போட்டிருக்க கொடிக்குப் பக்கத்துல போகும். எனோஷிமாவுக்கும் கோஷிகோஏவுக்கும் நடுவுல தெருவுலயே, காரோட காரா ஓடும். கோஷிகோஏ தாண்டினதும் திடீர்னு கடல். காமகுராலேர்ந்து போறப்ப இடது பக்கம் நில்லுங்க. ஃபுஜிசாவாலேர்ந்து வந்தா வலது.

எங்காகுஜில இன்னொரு கூத்து. யோகோசுகா கடற்படைத் தளத்துக்கு 1889-ல ரயில் போட்டப்ப, கோயில் வளாகத்துக்கு நடுவுலயே தண்டவாளத்தைப் போட்டுட்டாங்க. இன்னைக்கும் கோயில் குளம் ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம், நடுவுல ரயில் போகும்.

சுருக்குப்பை

ஸெனியாராய் பென்டென்னு ஒரு இடம் சொல்றாங்களே, காசைக் கழுவினா இரட்டிப்பாகும்னு? அதை விட்டா எப்படி?

யோகோஹாமாக்காரன்

குகைக்குள் ஊற்று இருக்கிறது. சின்னக் கூடையில் காசைப் போட்டு ஊற்றுத் தண்ணீரில் அலசுவார்கள். நோட்டைக்கூட நனைப்பவர்கள் உண்டு. போகிற பாதை செங்குத்தான ஏற்றம், திரும்ப இறங்கணும். வித்யா அம்மாவுக்கு அது வேண்டாம். உங்களுக்குத் தாராளமாக. கழுவிய காசைச் சீக்கிரம் செலவழித்தால்தான் பலிக்கும் என்பது சம்பிரதாயம். உங்கள் பெயரைப் பார்த்தால் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

பசும்புல்

வித்யா, சாப்பாட்டை நான் சொல்றேன், பல வருஷமா இங்க சைவமா இருக்கேன்.

கிதா-காமகுராவுக்கும் ஹாச்சிமான் கோயிலுக்கும் நடுவுல கென்சோஜின்னு ஒரு ஜென் மடம், 1253-ல கட்டினது. அங்க பிறந்ததா சொல்ற ஒரு காய்கறி சூப்தான் கென்சின்-ஜிரு. முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, டோஃபு எல்லாம் எண்ணெயில வதக்கி, கடற்பாசியும் காளானும் ஊறவச்ச தண்ணில கொதிக்க விடுவாங்க. மடத்து முறைப்படி செஞ்சா முழுச் சைவம். அந்தத் தெருவுல நிறையக் கடை போர்டு வச்சிருக்கும். ஆனா கடைக்காரங்க பலர் ருசிக்காகச் சூரைமீன் சீவல் போட்ட 'தாஷி'ங்கிற சாறைச் சேர்ப்பாங்க. சூப்ல மீன் துண்டே இருக்காது, ஆனா மீன் இருக்கும். 'சைவமா'ன்னு கேட்டா ஆமாம்னுதான் சொல்லுவாங்க, அவங்களைப் பொறுத்தவரை பொய் இல்ல. அதனால இப்படிக் கேளுங்க: "கட்சுவோ தாஷி ஹைத்தெ இமாஸ்கா?" சூரைமீன் தாஷி சேர்த்திருக்கான்னு அர்த்தம். 'ஹாய்', அதாவது ஆமாம்னு தலையாட்டினா எந்திரிச்சிடுங்க. இங்க வந்த முதல் வருஷம் ஒரு கடையில இதைக் கேட்டதுக்கு, சமையல்காரரே வெளிய வந்து ரெண்டு அண்டாவையும் காட்டி விளக்கினார். கேக்கிறதுக்குக் கூச்சப்படாதீங்க.

கன்வீனியன்ஸ் கடையில உப்பு மட்டும் போட்ட ஓனிகிரி (சோத்து உருண்டை) கிடைச்சா வாங்கி வச்சுக்கலாம். ஊறுகாய் பிளம் வச்சது, கடற்பாசி வச்சது ரெண்டுலயும் மீன் சாறு சேர்க்கிறது சகஜம். ஊர் முழுக்க மஞ்சள் டப்பாவுல புறா வடிவ பிஸ்கட் விப்பாங்க, அழகா இருக்கும், அதுல முட்டை உண்டு. அம்மாவை எழுப்பி விடியக்காலைல புளியோதரை கிளற வச்சீங்கன்னா பிரச்சினையே இல்ல.

காரைக்கால்_கடலோடி

புளியோதரையைக் கடற்கரைல உட்கார்ந்து பிரிக்காதீங்க மேடம். அந்தப் பக்கம் பருந்து. நம்மூர் கரும்பருந்து ஜாதிதான். தலைக்கு மேல வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும், முன்னாடியிலேர்ந்து வராது, முதுகுப் பக்கமா வந்து கையில இருக்கிறதை அடிச்சிக்கிட்டுப் போயிடும். நகம் பட்டா ரத்தம் வரும். யுய்கஹாமாலேர்ந்து எனோஷிமா வரைக்கும் எச்சரிக்கை போர்டு வச்சிருக்கான். என் மச்சான் கையில இருந்த பர்கர் போச்சு, அவன் கடிச்ச வாய் அப்படியே திறந்திருந்துச்சு. கூரைக்கு அடியில, சுவத்தை முதுகுக்கு வச்சு உட்காருங்க.

பசும்புல்

இதையும் சேர்த்துக்கிறேன்: காமகுரா ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற கோமாச்சி கடைத்தெருவுல நடந்துகிட்டே சாப்பிடாதீங்கன்னு 2019-ல நகராட்சி ஒரு சட்டமே போட்டது. அபராதம் இல்ல, வேண்டுகோள்தான். வாங்கின கடை வாசல்லயே நின்னு சாப்பிட்டுட்டு நகர்ந்துடுங்க.

தேனாம்பேட்டை_வித்யா

தேதியை மாத்திட்டேன், இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். பெரிய புத்தர்கிட்டப் படி இருக்கா? எனோஷிமால சரஸ்வதி இருக்காங்கன்னு அம்மா யார்கிட்டயோ கேட்டுட்டு வந்திருக்காங்க, நிஜமா?

யோகோஹாமாக்காரன்

புத்தர் இருக்கிற கோதோகுயின் கோயில் கிட்டத்தட்டச் சமதளம். உட்கார்ந்த நிலையில் அமிதா புத்தர், வெண்கலம். பீடம் இல்லாமல் 11.3 மீட்டர், எடை 121 டன். 1252-ல் வார்க்கத் தொடங்கியதாகப் பழைய ஏடு சொல்கிறது. அடுக்கடுக்காக வார்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டியது. உள்ளே வெற்றிடம். தனியாக ஒரு சின்னக் கட்டணம் கொடுத்தால் வயிற்றுக்குள் போய் அந்தப் பூட்டுகளையே தொட்டுப் பார்க்கலாம், ஆனால் உள்ளே படி குறுகல். முன்பு மேலே மண்டபம் இருந்தது. புயலும் கடலும் அதைக் கொண்டுபோன பிறகு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் வெட்டவெளியில்தான் இருக்கிறார். 1923 பூகம்பத்தில் பீடம் உடைந்து சிலை முன்னால் நகர்ந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பழுது பார்த்தபோது, அடுத்த பூகம்பம் வந்தால் சிலை பீடத்தின்மேல் வழுக்கி நகரட்டும் என்று நடுவில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்துவிட்டார்கள். கழுத்தையும் உள்ளிருந்து பலப்படுத்தினார்கள். எனக்கு அந்த முகத்தைவிட இந்தத் தகடுதான் பிடித்த விஷயம்.

சரஸ்வதி நிஜம். இங்கே பென்ஸாய்டென், சுருக்கமாக பென்டென். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவள். வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியம், நீர்நிலை பக்கத்தில்தான் இருப்பாள். ஜப்பானின் மூன்று பெரிய பென்டென் தலங்களில் எனோஷிமா ஒன்று. தலபுராணமும் உண்டு: அக்கம்பக்கத்தை அழித்துக்கொண்டிருந்த ஐந்து தலை நாகம், கடலிலிருந்து எழுந்த தீவில் இறங்கிய தேவியைப் பார்த்து மயங்கிப் பெண் கேட்டது. கெட்ட வழியை விட்டால் பார்க்கலாம் என்றாள். அது திருந்தி, பிறகு எதிர்க்கரையில் மலையாகக் கிடந்ததாம். கீழ்க்கோயில் பக்கத்தில் எண்கோண மண்டபம், அதற்குள் இரண்டு சிலைகள். எட்டுக் கையில் ஆயுதம் ஏந்தியவள் போர்வீரர்களுக்கு. பிவா மீட்டுகிறவள் கலைஞர்களுக்கு. பின்னவள் மேல் துணி கிடையாது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தீவில் ஏறுவதற்குக் காசு கொடுத்து எஸ்கலேட்டர் இருக்கிறது, 1959-லிருந்து. ஏற மட்டும்தான். இறங்க இல்லை! உங்கள் அம்மாவுக்கு வேண்டியது நேர் எதிர். அதனால் கீழ்க்கோயிலோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். தீவின் பின்பக்கக் குகைகளுக்குப் போனால், இறங்கிய படி முழுவதையும் மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும்.

தண்டவாளம்

குறுக்க வர்றேன். பின்பக்கம் சிகோகஃபுச்சி பாறைத் தளத்துலேர்ந்து பாலத்துக்குப் பக்கம் வர ஒரு சின்னப் படகு ஓடும், பென்டென்-மாரு. சில நிமிஷப் பயணம்தான். கடல் கொந்தளிச்சா கிடையாது, வார நாள்ல பல நேரம் கிடையாது. அதை நம்பிக் கீழ இறங்கிடாதீங்க, இருந்தா அதிர்ஷ்டம். அந்தப் பாறைத் தளமே 1923 பூகம்பத்துல ஒரு மீட்டர் போல மேல எழும்பினது.

கோணேசர்பூமி

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறியள், பெரிய புத்தற்றை வளவுக்குள்ள நிக்கிற கல்லைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. தமிழ் ஆக்கள் போனால் கண்ணில படும் எண்டதால சொல்லுறன்.

அது ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு வைச்ச நினைவுக்கல். 1991-ல வைச்சது. 1951 செப்டம்பரில சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில, அப்ப அவர் இலங்கையின்ர நிதி அமைச்சர், யப்பானிட்ட நட்டஈடு கேக்கமாட்டம் எண்டு பேசினவர். வெறுப்பு வெறுப்பால தணியாது, அன்பாலதான் தணியும் எண்டு தம்மபதத்தை எடுத்துச் சொன்னவர். அந்த வசனம் கல்லில கிடக்கு. யப்பான்காரர் அதை இண்டைக்கும் மறக்கேல்ல.

1942 ஏப்ரல் 9, யப்பான் விமானங்கள் குண்டு போட்டது எங்கட திருகோணமலையில. நட்டஈடு வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. அதுகூடப் பரவாயில்லை. 1983 யூலையில தமிழற்றை வீடும் கடையும் எரியேக்க நாட்டின்ர சனாதிபதி ஆர்? இதே மனுசன். அந்தக் கல்லுக்கு முன்னால நிண்டு அந்த வசனத்தை வாசிச்சனான். ஒண்டும் சொல்ல வரேல்ல.

சுருக்குப்பை

அண்ணே, சுற்றுலா இழையில அரசியல் எதுக்கு? அவங்க அம்மாவைக் கூட்டிட்டுக் கோயில் பாக்கப் போறாங்க.

கோணேசர்பூமி

தம்பி, போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்ல. நானே போய் அரை நாள் இருந்தனான். கல்லு அங்கதான் நிக்குது, நான் கொண்டுபோய் வைக்கேல்ல. வரலாற்று நகரம் எண்டு சொல்லிப்போட்டு 1192-ல ஆர் ஷோகன் (படைத்தலைவனா ஆண்டவர்) எண்டு மட்டும் கதைக்கிறதெண்டால் அதுவும் ஒரு அரசியல்தான்.

யோகோஹாமாக்காரன்

கோணேசர்பூமி சொல்வதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. என் பக்கத்திலிருந்து ஒன்று: ஜப்பான் போரில் தோற்றுப்போய்க் கிடந்த நேரத்தில் ஒரு ஆசிய நாடு அப்படிப் பேசியது இங்கே வயதானவர்களுக்கு உண்மையிலேயே பெரிய விஷயம். அந்த நன்றி போலி இல்லை. பேசியவர் பிற்பாடு தன் நாட்டில் எப்படி நடந்துகொண்டார் என்பது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியாது, கல்லிலும் இல்லை. ஒரு முறை என்னோடு வந்த ஜப்பானிய நண்பரிடம் 83 பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியானால் வசனம் மட்டும் புத்தருடையது" என்றார்.

கோணேசர்பூமி

அது சரியான கதை. அதாலதான் எனக்கு எங்காகுஜி கூடப் பிடிச்சது. அது பேச்சில்லை. தன்னை அழிக்க வந்தவனுக்கும் சேர்த்து விளக்கு வைச்ச கோயில். வித்யா தங்கச்சி, நேரம் தட்டுப்பட்டால் புத்தரை விடுங்கோ, எங்காகுஜியை விடாதேங்கோ.

பசும்புல்

பெரிய புத்தரை விடறதா! முதல் தடவை வர்றவங்களுக்கு அதைச் சொல்லாதீங்க அண்ணா.

நெறியாளர்

புகார் ஒன்று வந்தது. இந்தப் பகுதி இழையின் பொருளுக்கு உட்பட்டதே, நீக்கப்படாது. தனிநபர் தாக்குதல் மட்டும் வேண்டாம்.

தேனாம்பேட்டை_வித்யா

அம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன், கல்லு பத்தியும். 83-ல வந்தவங்களுக்கு எங்க தெருவுல வீடு பாத்துக் கொடுத்தது அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. புத்தரையும் பாக்கணும், கல்லையும் பாக்கணும்னு சொல்லிட்டாங்க.

இப்படி முடிவு பண்ணியிருக்கோம்: ஃப்ரீபாஸ் வேண்டாம். காலைல கிதா-காமகுரா, எங்காகுஜி. கென்சின்-ஜிரு கேட்டுப் பாக்கிறோம், இல்லன்னா புளியோதரை. ஹாச்சிமான் கோயிலைக் கீழேர்ந்தே. புத்தர். எனோடென்ல இடது பக்கம். எனோஷிமால கீழ்க்கோயில் சரஸ்வதியோட திரும்பிடுறோம். மூங்கில், காசு கழுவுறது, குகை மூணையும் விட்டாச்சு. நடுவுல அந்த ரயில்வே கேட்ல இறங்கணுமா? கடல் பின்னால தெரிய ரயில் போகுமே, என் தம்பி அதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றான்.

தண்டவாளம்

காமகுராகோகோமாஏ ஸ்டேஷன் பக்கத்துக் கேட். கூடைப்பந்து அனிமே ஒண்ணுல வந்ததால உலகமே அங்க நிக்குது. நடுரோட்ல நின்னு போட்டோ எடுக்கிறவங்களை ஒழுங்குபடுத்தவே தனியா ஆள் போட்டிருக்காங்க, குடியிருக்கிறவங்க பாவம். ஸ்டேஷன்ல மட்டும் இறங்குங்க. நடைமேடையில நின்னாலே எதிர்ல ரோடு, அதுக்கு அப்பால கடல்தான். பெஞ்ச் இருக்கு, அம்மா உட்காரலாம். அடுத்த வண்டி கால் மணி நேரத்துக்குள்ள வந்துடும்.

திரும்பறப்ப கத்தாசே-எனோஷிமா ஸ்டேஷன்லேர்ந்து ஒதாக்யூ. ஸ்டேஷன் முகப்பே கதையில வர்ற கடலடி அரண்மனை மாதிரி கட்டியிருப்பாங்க, உள்ள ஜெல்லிமீன் தொட்டி. இல்ல, கொஞ்சம் சாகசம் வேணும்னா ஷோனான் மோனோரயில்: ஓஃபுனா வரைக்கும் 6.6 கிலோமீட்டர், 14 நிமிஷம், மேல இருக்கிற தண்டவாளத்துலேர்ந்து பெட்டி தொங்கிக்கிட்டே போகும். லிஃப்ட் இருக்கு, முட்டிக்கு ஒண்ணும் ஆகாது. ஓஃபுனாலேர்ந்து ஷின்ஜுகுவுக்கு நேர் வண்டி.

பசும்புல்

மே மாசம் ஃபுஜி மலை தெரியும்னு எதிர்பார்க்காதீங்க வித்யா. தெளிவா தெரியறது டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான். அப்புறம் கடல் மேல ஒரு மங்கல் வந்துடும்.

சுருக்குப்பை

அப்ப நான் பிப்ரவரில போறேன். எனக்குச் சைவம் எல்லாம் கிடையாது. பச்சை ஷிராசு சோறுன்னு சொல்றாங்களே, அதுக்காகவே போகணும்.

காரைக்கால்_கடலோடி

பிப்ரவரில போனா பச்சையா கிடைக்காது தம்பி. ஷிராசுங்கிறது மத்தி, நெத்திலி ஜாதியோட குஞ்சு. அந்தக் கடல்ல ஜனவரி 1-லேர்ந்து மார்ச் பத்துத் தேதி வாக்குல வரைக்கும் அதைப் பிடிக்கத் தடை. வேகவச்சது, காயவச்சது எப்பவும் இருக்கும், அதுவும் மோசமில்ல. பச்சையாத்தான் வேணும்னா தடை முடிஞ்ச பிறகு போ. அதுலயும் அன்னைக்குப் படகு போயிருக்கணும். இன்னைக்கு உண்டா இல்லையான்னு கடை வாசல்ல எழுதி வச்சிருப்பாங்க, உள்ள போய் உட்காரறதுக்கு முன்னாடி பாத்துக்க. ஃபுஜியும் பச்சை ஷிராசும் ஒரே நாள்ல வேணும்னா டிசம்பர்தான் உனக்குத் தோது.